ஓட்டை ஒண்ணு, வீடு மொத்தமும் காலி!

"எந்த பிரவுசர் பாதுகாப்பு?"ன்னு கேட்டா உடனே ஒரு பேரைச் சொல்லிடுவோம். மேட்டர் அதோட முடியலைங்க. கொஞ்சம் பின்னாடி போவோம்.

2001-ல விண்டோஸ் எக்ஸ்பியும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ம் வந்தன. எக்ஸ்பியில முதல்ல உருவாக்குற அக்கவுண்ட்டே அட்மினிஸ்ட்ரேட்டர். அதுல திறக்குற பிரவுசருக்கும் அதே முழு அதிகாரம். போதாக்குறைக்கு ஆக்டிவ்எக்ஸ்.. வலைப்பக்கத்துல இருந்தே புரோகிராம் இறங்கி ஓடலாம்!

2004 ஜூன்ல வந்தது டவுன்லோட்.ஜெக்ட். மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் சர்வர்ல இருந்த சில தளங்களுக்குள்ள திருட்டு ஸ்கிரிப்ட்டைப் புகுத்திட்டாங்க. எக்ஸ்ப்ளோரர்ல அந்தத் தளத்தைப் பார்த்தாலே போதும், பாஸ்வேர்டு திருடுற நிரல் உள்ளே வந்துடும். வேற பிரவுசருக்கு மாறுறதும் ஒரு வழின்னு அமெரிக்காவோட யுஎஸ்-செர்ட் அமைப்பே சொல்லிச்சு. அந்த நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. ஆக்டிவ்எக்ஸ் தொல்லை இல்லை.

ஆனா அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்ல திறந்தா, ஃபயர்ஃபாக்ஸுக்கும் அதே முழு அதிகாரம் தான்! லினக்ஸ்ல ரூட் தனி. அதனால ஓட்டை விழுந்தா சிஸ்டம் தப்பிக்கலாம், உங்க ஃபைல்கள் தப்பிக்காது.

பிரவுசரோட கையைக் கட்டிப் போட்டப்போ தான் நிலைமை மாறிச்சு. 2007-ல விஸ்டாவுல எக்ஸ்ப்ளோரர் 7-க்கு புரொடெக்டட் மோட், 2008-ல குரோமோட சேண்ட்பாக்ஸ்.

அதனால மக்களே, "ஓட்டை இருக்கா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. எல்லாத்துலயும் இருக்கும். "உள்ளே வந்தவன் எதுவரைக்கும் போக முடியும்?"னு கேளுங்க.