கன்னத்துக்கு ஏறிய கட்டை

தோளில் கட்டை, கட்டையில் கன்னம். வேட்டைத் துப்பாக்கி பிடிக்கும் இந்த முறை படிய சில நூற்றாண்டுகள் ஆயின. 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கைப்பீரங்கி என்பது கம்பில் செருகிய இரும்புக் குழாய்தான். கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுடுவார்கள்; குறி தெய்வத்தின் பொறுப்பு. பிறகு கட்டையை வளைத்து நெஞ்சில் முட்டுக்கொடுத்தும் பார்த்தார்கள்.

1543இல் போர்த்துகீசியர் சிலர் ஏறிவந்த சீனக் கப்பல் ஜப்பானின் தானேகாஷிமா தீவில் ஒதுங்கியது. தீவின் தலைவர் இரண்டு துப்பாக்கிகளை வாங்கி, அதேபோல் செய்யச் சொல்லிக் கொல்லரிடம் கொடுத்தார். ஐரோப்பா தோளுக்கு மாறிய பிறகும், அந்தத் துப்பாக்கிகளில் இருந்த, கன்னத்தில் வைத்துச் சுடும் குட்டைக் கட்டையை ஜப்பான் 19ஆம் நூற்றாண்டுவரை விடவில்லை. நகலெடுப்பவர் பிடிவாதக்காரராக இருந்தால் மூலம் மாறினாலும் நகல் மாறாது!

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் துப்பாக்கிக் கம்மியர்கள் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். ஊரில் செய்த பருமனான கட்டை, அங்கே கிடைத்த மேப்பிள் மரத்தில் மெலிந்து நீண்டது. மற்ற இடங்களில் வால்நட்டுக்கே மவுசு; நன்றாக உலர்ந்தால் முறுக்கிக்கொள்ளாது, அதிர்ச்சியும் தாங்கும்.

அடுத்த திருப்பம் சூதாட்ட நகரத்திலிருந்து வந்தது. மாண்டி கார்லோவில் பந்தயம் கட்டிப் புறா சுட்டவர்கள், கன்னம் படும் மேல்விளிம்பை மட்டும் உயர்த்தி, தோளில் படும் முனையைத் தாழ்வாகவே விட்டார்கள். பின்னாளில் ரைபிள்மேல் தொலைநோக்கி ஏறியது. பார்வைக் கோடு உயர்ந்ததால் பழைய தாழ்ந்த கட்டையில் கன்னம் பதியாமல் அந்தரத்தில் நின்றது. புறாவுக்காகச் செய்த மேடு மானுக்கு உதவியது!

1945இல் கலிபோர்னியாவில் கடை திறந்த ராய் வெதர்பி அந்த மேட்டை முன்பக்கம் சரியவிட்டார். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கட்டை கன்னத்தை இடிக்காமல் விலகிப் போகும். பளபளப்பும் வெள்ளைக் கோடுகளும் சேர்ந்துகொள்ள, பார்த்தவர்கள் எல்லாம் நகலெடுத்தார்கள். 1964இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 ரைபிள்கூட மாண்டி கார்லோ மேட்டுடன் வந்தது. வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் போன்றவர்கள் நேரான, அடக்கமான கட்டைக்கே வாதாடினார்கள். 1968இல் ரூகர் நிறுவனம் லென் பிரௌனெல் வடிவமைத்த அத்தகைய கட்டையுடன் மாடல் 77ஐ இறக்கியது. என் ஓட்டும் அதற்குத்தான்.

ஆனால் என் ஓட்டைவிட உங்கள் கழுத்தின் நீளம் முக்கியம். கடையில், துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வேட்டைக்குப் போடும் கோட்டோடு நில்லுங்கள். கண்ணை மூடி, கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்த பிறகு கண்ணைத் திறவுங்கள். தொலைநோக்கியில் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். விளிம்பில் கறுப்புப் பிறை தெரிந்தால், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.