லாரியின் புகைக் குழாயும் வேலூர் வழக்கும்

இன்னைக்கு எபிசோடுல ஒரு இரும்புக் குழாயைப் பத்திப் பேசப் போறோம். லாரி இன்ஜின்லேர்ந்து புகையை வெளியே கொண்டுபோற குழாய். அது வெடிச்சா எப்படி மாத்துறாங்கங்கிறதுல ஆரம்பிக்கலாம். அது ஏன் இன்னைக்கு இவ்வளவு சிக்கலான, விலை கூடின சமாச்சாரமா மாறுச்சுன்னு தேடிப் போனா, வழி நம்மளைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுவந்து விடுது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. ஆம்பூர்னா நமக்கு முதல்ல பிரியாணி, அப்புறம் ஷூ. மூணாவதா ஒரு வழக்கும் இருக்கு.

முதல்ல குழாய்.

அமெரிக்க டிரக் ரிப்பேர் வீடியோ பார்க்கிறவங்களுக்கு 'கிராஸ்ஓவர் பைப்'ங்கிற பேர் பழக்கமா இருக்கும். அங்கே பிக்கப் டிரக்ல வர்ற டீசல் இன்ஜின்கள் பலதும் வி வடிவம். இந்தப் பக்கம் நாலு சிலிண்டர், அந்தப் பக்கம் நாலு. ரெண்டு பக்கத்துப் புகையும் ஒரே டர்போவுக்குப் போய்ச் சேரணும். அதுக்காக ஒரு பக்கத்திலேர்ந்து இன்னொரு பக்கத்துக்குக் குறுக்கே ஓடுறதுதான் கிராஸ்ஓவர். நம்ம ரோட்டுல ஓடுற அசோக் லேலண்ட், டாடா லாரிகள்ல சிலிண்டர்கள் ஒரே வரிசையில நிக்குது, பெரும்பாலும் நாலு அல்லது ஆறு. அதனால குறுக்குக் குழாய்க்கு வேலையில்லை. இங்கே அந்தப் பொறுப்பு மேனிஃபோல்டுக்கும், டர்போவைத் தாண்டிக் கீழே இறங்குற டவுன் பைப்புக்கும் போயிடுது.

படுற பாடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். முழு லோடோட கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் மேடு ஏறும்போது குழாய்க்குள்ள போற புகையோட சூடு பல நூறு டிகிரி. வண்டி நின்னா இரும்பு ஆறிச் சுருங்கும். மறுபடி கிளம்பினா விரியும். இது போதாதுன்னு அதிர்வு வேற. தோல் ஏத்துற லாரிக்கு இன்னொரு வம்பும் உண்டு, உப்பு. பச்சைத் தோல் அழுகக் கூடாதுன்னு உப்பை அள்ளித் தடவி, அடுக்கித்தான் ஏத்துவாங்க. அதிலேர்ந்து கசியுற உப்புத் தண்ணி பலகை இடுக்கு வழியா சேஸிஸ்ல இறங்கினா இரும்பு என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. இந்த உப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

குழாய் வெடிச்சதை டிரைவர் முதல்ல காதால கண்டுபிடிப்பார். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடும். கசிவு டர்போவுக்கு முன்னாடின்னா டர்போவைச் சுத்த வேண்டிய காத்து வழியிலேயே ஓடிடும், மேட்டுல இழுவை இருக்காது, கரும்புகை கக்கும். இணைப்புக்கிட்ட கரி படிஞ்சிருந்தா இடம் அதுதான். கேபினுக்குள்ள புகை வாசனை வந்தா அந்த வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது.

மாத்துற வேலையில முக்கால்வாசி, பழைய நட்டைக் கழட்டுறதுதான். இன்ஜின் நல்லா ஆறணும். துரு இளக்குற எண்ணெயை முடிஞ்சா முதல் நாள் ராத்திரியே ஊத்தி ஊற விடணும். அதுக்கும் அசையலைன்னா நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால சூடு காட்டணும், அதுவும் டீசல் குழாய், ஒயர் எல்லாத்தையும் ஒதுக்கி மறைச்சுட்டு. அவசரப்பட்டு ஸ்பேனர்ல எக்கினா ஸ்டட் உள்ளேயே முறிஞ்சுடும். அப்புறம் அது மேல ஒரு நட்டை வெல்டிங் வெச்சுத் திருப்பணும். இல்லன்னா டிரில் போட்டுப் புதுசா மரை எடுக்கணும். ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையா ஆகுறது இங்கேதான்.

பழைய பாக்கிங்கைச் சுத்தமா சுரண்டிட்டு, புது பாக்கிங் வெச்சு, எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலதான் மாட்டணும். குழாய் தன் இடத்துல தானா உட்காரணும். நெம்பி இழுத்து, வளைச்சுப் பிடிச்சு டைட் வெச்சா அந்த இறுக்கம் இரும்புக்குள்ளேயே நிக்கும். கொஞ்ச நாள்ல அதே இடத்துல மறுபடி வெடிப்பு. உட்கார்ந்தப்புறம் எதிரெதிர் போல்ட்டை மாத்தி மாத்தி இறுக்கணும். ஒரு ஓட்டு ஓட்டி, ஆறவிட்டு, இன்னொரு தடவை டைட் பார்க்கணும்.

பழைய லேலண்ட் காமெட் காலத்துல கதை இத்தோட முடிஞ்சிருக்கும். மேனிஃபோல்டு, ஒரு குழாய், ஒரு சைலன்சர், வெளியே. ஓட்டை விழுந்தா தகடு சுத்தி வெல்டிங் வெச்சுட்டுக் கிளம்பிடலாம். கசிவுன்னா சத்தமும் கரியும், அவ்வளவுதான். வெளியே போறது என்னன்னு யாரும் கேட்கலை.

இன்னைக்கு ஒரு பி.எஸ். 6 லாரிக்கு அடியில குனிஞ்சு பார்த்தீங்கன்னா அது குழாய் இல்லை, சின்னதா ஒரு கெமிக்கல் ஃபேக்டரி. கரித்துகளைப் பிடிச்சு எரிக்க ஒரு வடிகட்டி. அடுத்து ஆட்புளூ, அதாவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். சூடான புகையில பட்டதும் அது அம்மோனியாவா மாறி, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதா நைட்ரஜனாவும் தண்ணியாவும் உடைக்குது. நடுநடுவுல சென்சார்கள். இங்கே குழாய் கசிஞ்சா சுத்தமாகாத புகை வழியிலேயே வெளியேறும், சென்சார் கணக்கும் தப்பும். டேஷ்போர்டுல விளக்கு எரியும். கவனிக்காம விட்டா கம்ப்யூட்டரே இன்ஜின் சக்தியைக் குறைச்சுடும். தகடு சுத்தி வெல்டிங் வைக்கிற பட்டறைக்கு லேப்டாப் தேவைப்படுற காலம் இது. கனரக டீசலுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ். 3-ல ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராம். பி.எஸ். 6-ல 0.4 கிராம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னாடி நீதிமன்றம் இருக்குன்னு பலருக்குத் தெரியும். அந்த நீதிமன்றம் எந்தக் கொள்கையைப் பிடிச்சு நின்னுச்சு, அது எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுங்கிறதுதான் நம்ம கதை.

இப்போ உப்புக்குத் திரும்பலாம். லாரியிலேர்ந்து இறங்கின தோலை டேனரியில முதல்ல ஊறவைச்சு அலசுவாங்க. அந்த உப்பெல்லாம் தண்ணியில இறங்கும். அப்புறம் சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம். ஒரு கிலோ பதப்படுத்தின தோலுக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணி, குரோம் முறையில சுமார் 170 வகை ரசாயனம்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கணக்குச் சொல்லுது. அந்தத் தண்ணி போன இடம் பாலாறு, ஏரி, வயல், கிணறு. டேனரிப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாயிடுச்சுங்கிற ஆய்வுக் கணக்கும் அதே தீர்ப்புல பதிவாகியிருக்கு.

1991-ல வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்ங்கிற அமைப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டுவருது, நாட்டோட பதப்படுத்தின தோல் ஏற்றுமதியில தமிழ்நாட்டுப் பங்கு 80 சதவீதத்துக்குப் பக்கம்ங்கிறதை நீதிமன்றம் ஒத்துக்கிட்டுது. ஆனா அதுக்காக ஆத்தையும் ஜனங்க உடம்பையும் கெடுக்க உரிமை வந்துடாதுன்னு சொல்லிடுச்சு. டேனரிகள் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் கட்டணும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாம இயங்கக் கூடாது.

அபராதம் சின்னதுதான். பெருசு என்னன்னா, இந்திய நாட்டுச் சட்டத்தில இனி ரெண்டு விஷயம் உண்டுன்னு அந்தத் தீர்ப்பு அறிவிச்சுது. ஒண்ணு, கெடுதல் நடக்கும்னு அறிவியல் நூறு சதவீதம் நிரூபிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முன்னாடியே தடுக்கலாம். கெடுதல் இல்லைன்னு காட்ட வேண்டியது தொழில் நடத்துறவர் பொறுப்பு. ரெண்டாவது, மாசுபடுத்தினவர்தான் பணம் கட்டணும், பாதிக்கப்பட்டவருக்கும், கெட்ட மண்ணைச் சரிபண்ணவும்.

இந்த வழக்குல நீதிமன்றத்துக்கு உதவினவர் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. அவருக்கு 50,000 ரூபாய் கொடுக்கணும்னு தமிழ்நாடு அரசுக்கு உத்தரவே இருக்கு. அதே மேத்தா 1985-லேயே டெல்லி வாகனப் புகை பத்தி ஒரு வழக்குப் போட்டிருந்தார். அது வருஷக்கணக்கா ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1998-ல டெல்லி பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாறணும்னு உத்தரவு, கெடு 2001 மார்ச் 31. கெடு தாண்டியும் டீசல் பஸ் ஓடுச்சு. 2002 ஏப்ரல் 5-ம் தேதி வந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கைன்னா என்னன்னு விளக்க வேலூர் வழக்கைப் பேர் சொல்லி எடுத்துக்காட்டுது. அப்புறம் டீசல் பஸ் உரிமையாளருக்கு ஒரு பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், 30 நாளுக்கு மேல போனா 1,000 ரூபாய்னு போடுது. பாலாத்துக் கழிவுநீருக்காக வகுத்த கொள்கை டெல்லி பஸ்ஸோட சைலன்சருக்கு வந்தது இப்படித்தான்.

வேலூர் வழக்கு மட்டும்தான் பி.எஸ். 6-ஐக் கொண்டுவந்துச்சுன்னு சொன்னா அது மிகை. விதிமுறைகளோட அச்சு ஐரோப்பாவிலேர்ந்து வந்தது. கந்தகம் குறைஞ்ச டீசல் இல்லாம எதுவும் நடந்திருக்காது, அதுக்கு எண்ணெய் நிறுவனங்கள் சுத்திகரிப்பு ஆலைகளை மாத்த வேண்டியிருந்தது. ஆனா 'இன்னும் கொஞ்சம் டைம் கொடுங்க'ன்னு கேட்டப்போ நீதிமன்றம் பல தடவை விட்டுக்கொடுக்காம நின்னுச்சு. மேத்தாவோட அதே 1985 வழக்குல 2017 மார்ச் 29-ல வந்த உத்தரவு நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 1-லேர்ந்து பி.எஸ். 3 வண்டி விற்கக் கூடாது. கையிருப்பு சுமார் 8.24 லட்சம் வண்டிகள். ரெண்டு நாள் பைக் ஷோரூம்கள்ல தள்ளுபடித் திருவிழாவே நடந்துச்சு. 2018 அக்டோபர் 24-ல, 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் பி.எஸ். 4 வண்டியும் விற்கக் கூடாதுன்னு ஆச்சு.

சரி, இதுக்கெல்லாம் யார் பணம் கட்டுறாங்க? லாரியைப் பொறுத்தவரை பதில் சுலபம். வாங்குறவர் ஷோரூமிலேயே கட்டிடறார், அப்புறம் ஆட்புளூ ஊத்த ஊத்தக் கட்டறார். சொந்தமா ஒரே வண்டி வெச்சிருக்கவருக்கு இந்தக் குழாய் பயமுறுத்துற செலவு. ஆட்புளூ இருக்கிற மாதிரி கம்ப்யூட்டரை ஏமாத்துற பெட்டிகளுக்கு மார்க்கெட் உருவானதும் அதனாலதான். டேனரிக்கும் இதே சோதனை உண்டு. சுத்திகரிப்பு நிலையம் கட்டுறது ஒரு தடவைச் செலவு, ஓட்டுறது தினமும் செலவு.

கொள்கை பிறந்த ஊர்ல நிலைமை என்ன? 1996 தீர்ப்பைத் தொடர்ந்து இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைஞ்சுது. 2001 மார்ச்ல அது 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய்னு முடிவு பண்ணுச்சு. வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சராசரியா பத்தாயிரத்துக்கும் கீழே. இதே விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, 2025 ஜனவரி 30-ல இன்னொரு தீர்ப்பு ஆச்சு. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துல அரசு கொடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூலிச்சுக்கணும்னும், ஆத்தைச் சீர்படுத்த ஒரு குழு போடணும்னும் அதுல உத்தரவு. முதல் தீர்ப்பு வந்து அப்போ 28 வருஷம் தாண்டியிருந்தது.