1883-ல கடல் வரைஞ்ச கோடு: கரண்ட் இல்லாத இடத்துல ஒரு சென்சார்

இந்த எபிசோடை குயிலாப்பாளையத்துல உட்கார்ந்து பேசுறேன். இங்கிருந்து ஈசிஆர்ல வடக்கே போனா மரக்காணம் உப்பளம். சில அங்குலத் தண்ணியை பாத்தியில நிறுத்தித்தான் அங்க மொத்தத் தொழிலும் நடக்குது. ஆனா கடல் அதே சில அங்குலம் ஏறி இறங்கினா, கரையில நிக்கிற நமக்குத் தெரியவே தெரியாது. அலையோட அலையா போயிடும்.

1883-ல அப்படி ஒரு ஏற்ற இறக்கம் நம்ம கடற்கரைக்கு வந்தது. அதைக் கவனிச்சது ஒரு மிதவை.

ஆகஸ்ட் 27, 1883. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல இருக்கிற கிரகத்தோவா எரிமலை வெடிக்குது. 36,000 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் சுனாமியில. கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரோட்ரிகஸ் தீவுல அந்தச் சத்தத்தைக் கேட்டு, பீரங்கி வெடிக்குதுன்னு நினைச்சாங்க.

அப்போ சென்னை, நாகப்பட்டினம் உட்பட பல துறைமுகங்கள்ல சர்வே ஆஃப் இந்தியா கடல்மட்டக் கருவிகள் வெச்சிருந்தது. அமைப்பு ரொம்ப சிம்பிள். கடலோட இணைஞ்ச ஒரு கிணறு, அதுக்குள்ள ஒரு மிதவை. மேல கடிகார இயந்திரம் சுத்துற உருளை, அதுல பேப்பர், பேப்பர் மேல பென்சில். மிதவை ஏறினா கோடும் ஏறும். கப்பல்களுக்கு ஓதநேரம் கணக்கிட வெச்ச கருவி இது. எரிமலையை யாரும் மனசுல நினைக்கவே இல்ல. ஆனா அந்த வழக்கமான வளைவுக்கு நடுவுல திடீர்னு பல் பல்லா ஒரு நடுக்கம் பதிவாச்சு. பொறுப்புல இருந்த மேஜர் பேர்ட் அந்தப் பேப்பர்களை எல்லாம் சேர்த்து, 1884-ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை கொடுத்தார்.

இதோட பவர் பட்ஜெட் என்ன? யாராவது வந்து சாவி கொடுக்கணும். அவ்வளவுதான். ஆனா ஒரு குறை இருந்துச்சு. கருவிக்குத் தெரிஞ்சது, பேப்பரை ஒரு மனுஷன் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் வேற யாருக்கும் தெரியாது.

இப்போ 121 வருஷம் முன்னால வருவோம். டிசம்பர் 26, 2004. காலை 6:28-க்கு சுமத்ரா பக்கம் நிலநடுக்கம். அலை சென்னைக்கு வர சுமார் இரண்டரை மணி நேரம் ஆச்சு. சென்னைத் துறைமுகக் கருவி அன்னைக்கும் வேலை செஞ்சது, அலையைச் சரியா பதிவும் பண்ணுச்சு. தமிழ்நாட்டுல சுமார் 8,000 பேரை இழந்தோம். நம்ம பாஷையில சொன்னா, லாக் இருந்துச்சு, அலர்ட் இல்ல. அலர்ட் இருந்திருந்தாலும், சென்னைக் கருவி சொல்ற நேரத்துக்கு அலை கரைக்கு வந்தாச்சே. அப்போ சென்சார் நடுக்கடல்ல இருக்கணும், இல்ல எரிமலை மேலயே இருக்கணும். அங்க ஈபி கனெக்ஷன் கிடையாது.

2005-ல ஈக்வடார்ல ரெவென்டடோர் எரிமலையில ஹார்வர்ட் குழு ஒண்ணு 16 சின்ன வயர்லெஸ் சென்சார்களை 19 நாள் வெச்சுப் பார்த்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் பழைய பெரிய டார்ச்லைட்டுல போடுவோமே, அந்த மாதிரி ரெண்டு பேட்டரி, ஒரு வாரம் தாங்கும். எல்லாத் தரவையும் ரேடியோவுல அனுப்பக் கட்டுப்படியாகாது. அதனால நிலம் வழக்கத்தை விட அதிகமா அதிருதான்னு ஒவ்வொரு சென்சாரும் தானே கணக்குப் போடும். பல சென்சார்கள் ஒரே நேரத்துல ஆமான்னு சொன்னாத்தான், கடைசி 60 விநாடித் தரவைக் கேட்டு வாங்குவாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, மலை மேல இருந்த சென்சார்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிச்சுது. அதிகம் படுத்தினது கீழ இருந்த ஆபீஸ்ல அடிக்கடி போன கரண்டும், ஒரு சாஃப்ட்வேர் பக்கும். சிரிக்கிறீங்களா? நான் சிரிக்கல, நமக்கும் தினமும் அதே கதைதானே.

நம்ம ஊர்லயும் இதே யோசனைதான். பள்ளிக்கரணையில இருக்கிற என்ஐஓடி, வங்கக்கடல் அடியில அழுத்தம் அளக்கிற கருவிகளை வெச்சிருக்கு. எல்லாம் பேட்டரிதான். அமைதியா இருக்கிறப்போ குறைவா பேசும், அழுத்தம் சந்தேகமா மாறினா அடிக்கடி பேசும். ஒலி அலை வழியா மேல மிதக்கிற மிதவைக்கு, அங்கிருந்து சாட்டிலைட்டுக்கு. ஹைதராபாத் இன்காய்ஸ்ல இருக்கிற எச்சரிக்கை மையம் அக்டோபர் 2007-ல இருந்து இயங்குது.

அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா? முழுசா இல்ல. இந்த மாதிரி மையங்கள் பெரும்பாலும் நிலநடுக்கத்தை வெச்சுத்தான் விழிச்சுக்கும். டிசம்பர் 22, 2018-ல கிரகத்தோவாவோட பிள்ளையான அனாக் கிரகத்தோவாவோட ஒரு பக்கம் சரிஞ்சு கடல்ல விழுந்துச்சு. பெரிய நிலநடுக்கம் இல்ல, அதனால எச்சரிக்கையும் இல்ல. 400 பேருக்கு மேல செத்தாங்க. நம்மகிட்டயும் ஒரு எரிமலை இருக்கு. அந்தமான்ல ஆள் இல்லாத பாரன் தீவு. 150 வருஷத்துக்கு மேல தூங்கிட்டு, 1991-ல மறுபடி எழுந்துச்சு.

இன்னொண்ணு. நடுக்கடல்ல மிதவை இருந்தா அதைச் சுத்தி மீன் கூடும். மீன் கூடினா படகு வரும், மிதவையில கயிறு கட்டுவாங்க, சில நேரம் மிதவை சேதமாகும். பிழைப்புக்காக வர்றவங்களைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த மிதவை முதல்ல காப்பாத்தப்போறது அவங்க குப்பத்தைத்தான். அதை அவங்ககிட்ட நேர்ல போய்ப் பேசணும், அதுவும் இந்த சிஸ்டத்துல ஒரு பாகம்தான்.

1883-ல ஒரு ஆள் போய் சாவி கொடுத்தார். இன்னைக்கும் யாராவது கப்பல்ல போய் பேட்டரி மாத்தணும். அடுத்த தடவை ஈசிஆர்ல போறப்போ கடலைப் பார்த்தா, அவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.