மேடைக்குச் சொந்தக்காரர் யார்?

1980-ல் வாஷிங்டன் நகரத்தில் டீன் ஐடில்ஸ் என்ற பங்க் இசைக்குழு கலைந்தது. ஓராண்டுக் கச்சேரிகளில் கிடைத்ததைப் பங்கு பிரிக்காமல் சேர்த்ததில் கையில் சுமார் 600 டாலர் இருந்தது. அந்தக் காசில் தங்கள் பாட்டைத் தாங்களே இசைத்தட்டாகப் போட்டார்கள். உறைகளைக் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் பிறந்தது அப்படித்தான். கம்பெனியை நம்பாமல் நாமே செய்துகொள்வோம் என்ற இசை இயக்கத்துக்கு இன்றும் இதை உதாரணமாகச் சொல்வார்கள்.

வடசென்னைக்காரருக்கு இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடியவர்களுக்குக் கம்பெனியும் கிடையாது, சபாவும் கிடையாது. சட்டி, கட்டமோளம், கூடவே நாலு பேர் கைத்தட்டு, அவ்வளவுதான் வாத்தியம். கேட்டவர் பாடினார், பாடியவர் மாற்றினார். கட்டியவர் பேர் சில சமயம் பாட்டோடு வந்தது, பல சமயம் வழியிலேயே தொலைந்தது. 1990-களில் தேவாவின் இசையில் சினிமா கானாவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. ஆனால் மெட்டு போன தூரத்துக்குக் குப்பத்துப் பாடகர் போகவில்லை. 1928-ல் மியூசிக் அகாதெமி உருவான நகரம் அது. மார்கழியில் சபாக்கள் நிரம்பி வழியும். அந்த மேடைகளில் கானாவுக்கு இடமில்லை.

இந்தப் பின்னணியில்தான் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது. மெட்ராஸ் இண்டி கலெக்டிவ் என்ற சுயாதீன இசைக் கூட்டமைப்பை நடத்திவந்த டென்மாவும், நீலம் பண்பாட்டு மையத்தின் பா. ரஞ்சித்தும் சேர்ந்து கானாக்காரர்களையும் ராப், ராக் இசைஞர்களையும் ஒரே குழுவாக்கினார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடையேறினார்கள். டிரம்ஸ், கிதாருக்குப் பக்கத்தில் சட்டியும் பறையும் சம உயரத்தில் நின்றன. இசைவாணி பாடினார், அறிவு ராப் சொன்னார். இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டாயின. அயோத்திதாசர் கையாண்ட 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து குழுவுக்குப் பேர் எடுத்தார்கள். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கியவர் அவர். தன் பேச்சுக்குத் தானே மேடை போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே அவ்வளவு பழசு.

பேர்பெற்ற சினிமா இயக்குநர் ஒருவர் பின்னால் நிற்கும்போது இதைச் சுயாதீனம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சேர்த்து வைக்க 600 டாலரும் இல்லாதவருக்கு முதல் தள்ளு யாராவது கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு என்ன பாடுவது, யார் முன்னால் நிற்பது, எந்தச் சொல்லை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் சுயாதீனம் இருக்கிறது.

அந்தத் தீர்மானம் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் பாருங்கள். 2021-ல் உலகமெங்கும் போன பாட்டு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், எழுதிப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலரும் கேட்ட பிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று காணொலியில் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், பேர் தெரியாத பாடகரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. கானாவும் ஒப்பாரியும் பறையும் சபாக்காரர்களின் மாதத்திலேயே மேடையேறின. கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் பக்கத்திலேயே இன்னொரு வீட்டைக் கட்டிய வேலை இது.

சேர்வராயன் மலையில் நாகலூர் மாதிரி ஓர் ஊரில் நாலு பேர் கூடி, காப்பி காயப்போடும் களத்தில் கச்சேரி வைத்தாலும் கேள்விகள் இவையேதான். ஸ்பீக்கர் யாருடையது? பதிவு யார் கையில் இருக்கும்? யார் பேர் முதலில் வரும்? வசூலை எப்படிப் பிரிப்பது? முதல் பாட்டுக்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. நட்பு முறியாமல் இருக்கவும் அது உதவும்.