அடுக்களைச் சாட்சியம்: தெற்கின் சிறு நில அதிர்வுகள்

பெரிய நிலநடுக்கங்களுக்கு வரலாறு உண்டு. 2001 ஜனவரி 26இல் குலுங்கிய பூஜ் நகரம் நம் நினைவில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிகழ்ந்த நடுக்கத்தையும், அது அனுப்பிய ஆழிப்பேரலையையும் நாகப்பட்டினம் மறக்காது. சுவர் இடியாத, உயிர் போகாத சிறு அதிர்வுகளுக்கோ அப்படி ஒரு வரலாறு வாய்ப்பதில்லை. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின, கட்டில் அசைந்தது, நாய் குரைத்தது என்பதோடு சரி. மாலைக்குள் பேச்சு அடங்கிவிடும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அறிந்த நில அதிர்வு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

இவ்வட்டாரத்தில் ஜன்னல் படபடத்தால் யாருக்கும் முதலில் பூமி நினைவுக்கு வருவதில்லை. "எங்கே வெடித்தது?" என்பதே முதற்கேள்வி. கிழக்கே சிவகாசியும் அதைச் சுற்றிய பட்டாசு ஆலைகளும் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவற்றுக்குக் கணக்குச் சொல்லி முடியாது. வேலைக்குப் போன மகளுக்கோ மருமகளுக்கோ தொலைபேசியில் அழைத்து, மறுமுனையில் குரல் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். அடுத்து, கல்குவாரியில் வெடி வைத்தார்களா என்ற விசாரணை. அதுவும் இல்லை என்றான பின்னரே "பூமியதிர்ச்சியாக இருக்குமோ" என்ற சொல் எழுகிறது. வேறெங்கும் அச்சத்தைத் தரும் சொல், இங்கே சில வேளை ஓர் ஆறுதலாக வந்து சேர்கிறது.

இக்குழப்பத்துக்கு நிலத்தின் இயல்பும் ஒரு காரணம். தென்தமிழகத்தின் அடித்தளம் மிகப் பழைய, இறுகிய பாறை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் 1000 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருமாறிய பாறைகளை இராஜபாளையம் பகுதியில் கண்டு நிலவியலாளர் ஆராய்ந்திருக்கின்றனர். இத்தகைய பாறையில் அதிர்வலைகள் வலுக்குன்றாமல் நெடுந்தூரம் செல்லும். அதிர்வு மேலோட்டமான ஆழத்தில் பிறந்தால் நீண்ட ஊசலாட்டம் இராது. சட்டென ஒரு குலுக்கலும், கூடவே ஒரு முழக்கமும் இருக்கும். கேட்பவருக்கு அது வெடியோசையாகவே படும்.

அதிர்வுகளின் பிறப்பிடம் பல வேளை மலைக்கு அப்பால் இருக்கிறது. இவ்வூர்களுக்கு மேற்கே நிற்கும் தொடரின் மறுபக்கம் பெரியாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. 1988 ஜூன் 7 அன்று இடுக்கி மாவட்டத்து நெடுங்கண்டத்தில் 4.5 அளவிலும், 2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டை அருகே 5.0 அளவிலும் நிலம் நடுங்கியது. நேர்க்கோட்டில் அளந்தால் ஈராற்றுப்பேட்டை இராஜபாளையத்திலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். 2011இல் இடுக்கியில் மீண்டும் மீண்டும் உணரப்பட்ட சிறு அதிர்வுகள் எந்த வீட்டையும் பெரிதாகச் சாய்க்கவில்லை. ஆயினும் இரு மாநில மக்களையும் எதிரெதிரே நிறுத்தின. 1895 முதல் நிற்கும் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்று பள்ளத்தாக்கில் இருந்தோர் அஞ்சினர். அணையின் நீர் போய்விடும் என்று இப்பக்கத்து உழவர் அஞ்சினர். அவ்வாண்டு டிசம்பரில் குமுளி வழியே போக்குவரத்து முடங்கியது. 2014 மே 7 அன்றுதான் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஒரே அதிர்வை ஒரு மலையின் இரு சரிவுகளும் இரு வேறு அச்சங்களாகக் கேட்டன.

பழைய விளக்கம் ஒன்றும் இவ்வூருக்கு அருகிலேயே இருக்கிறது. பூமியைத் தாங்கும் ஆதிசேடன் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் பாரத்தை மாற்றும்போது நிலம் அசைகிறது என்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி பள்ளிகொண்டிருப்பது அந்த ஆதிசேடன் மேல்தான். விஞ்ஞானம் இதை ஏற்காது. ஆனால் அசையாதது என்று எதையும் நம்பிவிடாதே என்ற எச்சரிக்கை இக்கதையில் உண்டு. இந்திய நில அதிர்வு மண்டலங்களில் மிகக் குறைந்த ஆபத்துடைய 'முதல் மண்டலம்' 2002 திருத்தத்தில் நீக்கப்பட்டு, இரண்டாம் மண்டலத்தோடு இணைக்கப்பட்டதும் ஏறத்தாழ அதே எச்சரிக்கைதான்.

இந்தச் சிறு அனுபவங்களை ஏன் பதிய வேண்டும்? 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை உலுக்கிய நடுக்கத்தை இன்று 6.0 அளவினது என்கிறோம். கருவிகள் அரிதாக இருந்த காலம் அது. எந்த ஊரில் எது ஆடியது, எது விரிசல் கண்டது என்று அன்றைய மனிதர் விட்டுச்சென்ற குறிப்புகளே அக்கணிப்புக்குப் பெரிதும் அடிப்படை. இத்தாலியப் பாதிரியாரும் அறிவியலாளருமான மெர்கல்லியின் பெயரால் வழங்கும் அளவுகோலும் இவ்வழியில் வந்ததே. அதன் கீழ்ப்படிகள் முழுதும் வீட்டின் மொழியில் அமைந்தவை: மேல்மாடியில் ஓய்ந்திருப்பவர் மட்டும் உணர்ந்தாரா, தொங்கும் பொருள் ஆடியதா, பாத்திரம் கலகலத்ததா, உறங்கியவர் விழித்தாரா? அடுக்களையில் நின்ற ஒரு பெண்ணின் சொல் அங்கே அறிவியல் தரவாகிறது.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் மலையடிவார ஊர்களில் மக்கள் அதிர்வை உணர்ந்து வீட்டுக்கு வெளியே வந்தனர். தேசிய நில அதிர்வு மையத்தில் எதுவும் பதிவாகவில்லை என்று விளக்கம் வந்தது. கருவிக்கு எட்டாத சிறு அசைவுகளும் உண்டு. மனிதர் மயங்குவதும் உண்டு. இரண்டில் எது என்று பின்னாளில் ஒருவர் ஆராய வேண்டுமானால், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எது அசைந்தது என்ற குறிப்பு அவர் கைக்குக் கிடைத்தாக வேண்டும். "வதந்தி" என்ற ஒரே சொல்லால் அதைத் துடைத்துவிட்டால் ஆராய ஏதும் எஞ்சாது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் நம்மிடம் குறைவு. எனினும் அடுத்த முறை டம்ளர்கள் நடுங்கும்போது, வேலைக்குப் போனவர்கள் நலம் என்று தெரிந்த பிறகு, கடிகாரத்தைப் பார்த்து, நாட்காட்டித் தாளின் ஓரத்திலேனும் ஒரு வரி எழுதிவைக்கலாம். நம் ஊர் நிலத்தின் வரலாற்றுக்கு அதுவும் ஓர் ஆவணம்.