மாலையில் மருதம், காலையில் செவ்வழி

புறநானூற்றின் 149ஆம் பாட்டு மிகச் சிறியது. வன்பரணர் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடியது. வள்ளல்களின் கொடையைப் புகழும் பாட்டுகளுக்கு அத்தொகையில் பஞ்சமில்லை. ஆனால் இதில் புகழ்ச்சி ஒரு முறையீட்டின் வடிவில் வருகிறது. எங்கள் பாணர் மாலைப்பொழுதில் மருதத்தை இசைக்கிறார்கள். காலையில் செவ்வழியை இசைக்கிறார்கள். மரபையே மறந்து போனார்கள். கொடுத்துக் காக்கும் கடமையை நீ மேற்கொண்டதால் வந்த வினை இது என்கிறார் புலவர். வயிறு நிறைந்த பாணனுக்குப் பொழுது மறந்துவிட்டது.

நமக்கு இப்பாட்டின் மதிப்பு வேறு. எந்தப் பொழுதுக்கு எந்தப் பண் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தலைகீழாக்கிச் சொல்லும் இந்த நயம் கேட்பவர்க்கு எட்டியிருக்காது. விடியலுக்கு மருதம், மாலைக்குச் செவ்வழி. ஒழுங்கு மீறப்பட்டதைச் சொல்லும் பாட்டே அந்த ஒழுங்குக்கு நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்று.

பொழுதைப்போலவே மனநிலைக்கும் பண் உண்டு. அகநானூற்றின் 102ஆம் பாட்டில் மலைச்சரிவில் கொடிச்சி ஒருத்தி குறிஞ்சி பாடுகிறாள். தினை மேய வந்த யானை மேய்ச்சலை மறந்து நின்றபடியே உறங்குகிறது. பொருநராற்றுப்படையில் வழிப்பறிக் கள்வர் பாலைப்பண் கேட்டுப் படைக்கருவியைக் கைவிடுகிறார்கள். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டில் காஞ்சி பாடப்படுகிறது. உறங்கவைக்க ஒன்று, கொடுமை தணிக்க ஒன்று, புண்ணுக்குக் காவலாக ஒன்று. இன்று கைப்பேசியில் 'உறக்கத்துக்கு', 'பயணத்துக்கு', 'உற்சாகத்துக்கு' என்று பாட்டுகளைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் இளைஞர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

இந்தப் பழைய ஒழுங்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வசதியான ஓரிடம் திருவண்ணாமலை. அதிலும் மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில், பெரிய கோயிலுக்கு நேர் எதிர்ப்புறமாக, மலையின் மேற்கே அமைந்த அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் உள்ள சிற்றூர். பௌர்ணமி இரவில் நடப்பவர்கள் இங்கே வந்து சேரும்போது பாதித் தொலைவு கடந்திருக்கும். கடைகள்தோறும் ஒலிபெருக்கி. ஒன்றில் திரைப்படப் பக்திப்பாடல், அடுத்ததில் சிவபுராணம், அதற்கடுத்ததில் அம்மன் தாலாட்டு. இருபதடி நடந்தால் உலகம் மாறிவிடும். பாட்டுகள் எல்லாம் நல்ல பாட்டுகளே. எது எப்போது என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை.

அக்கேள்வியைத் தேவார மரபு விடாமல் கேட்டது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரின் பதிகங்களாக ஏறத்தாழ 800 நமக்கு எஞ்சியுள்ளன. இவ்வளவு பெரிய தொகுதியை எப்படி அடுக்குவது? மூன்று வழிகள் வழக்கில் வந்தன. பாடியவரைக் கொண்டு அடுக்குவது ஒன்று: முதல் மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். ஊரைக் கொண்டு அடுக்குவது தலமுறை. இசையைக் கொண்டு அடுக்குவது பண்முறை. சம்பந்தரின் முதல் திருமுறையைத் திறந்தால் நட்டபாடை, தக்கராகம், பழந்தக்கராகம், தக்கேசி, குறிஞ்சி என்று பண்வாரியாகவே பதிகங்கள் செல்வதைக் காணலாம். தலமுறையில் அண்ணாமலைப் பதிகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். பண்முறையில் பிரிந்து கிடக்கும். யாத்திரிகனுக்கு முதலாவது வசதி, பாடகனுக்கு இரண்டாவது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காகத் தி. வே. கோபாலையர் 1984-85இல் பதிப்பித்த தேவாரம் பண்முறையில் அமைந்தது; படிப்பதற்கும் அருமையான பதிப்பு அது, பாடுகிறவரின் அடுக்கும் அதுவே.

பண்முறை எப்படி வந்தது என்பதற்குத் திருமுறைகண்ட புராணம் ஒரு கதை வைத்திருக்கிறது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் நூல். தில்லையில் பூட்டிக்கிடந்த ஏடுகளை மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்கிறார்கள். கறையான் தின்றது போக எஞ்சியது கைக்கு வருகிறது. சொல் கிடைத்துவிட்டது, இசை கிடைக்கவில்லை. அதற்காகத் திருஎருக்கத்தம்புலியூருக்குச் செல்கிறார்கள். சம்பந்தரோடு ஊர்ஊராகச் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. அவர் மரபில் வந்த ஒரு பெண் பதிகங்களுக்கான பண்களை வகுத்துத் தருகிறாள். ஏடு மீட்ட கதையை மேடைதோறும் சொல்கிறோம். இப்பெண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. வரலாறாக இதை எவ்வளவு நம்புவது என்பது தனி விவாதம். ஆனால் ஏடு தில்லை அந்தணரின் காவலிலும் இசை பாணர் குடியின் நினைவிலும் இருந்தன என்று சொல்லத் துணிந்த கதை, அக்கால இசையின் சமூக இருப்பைப் பற்றி உண்மையான ஏதோவொன்றைச் சொல்கிறது என்பது என் துணிபு.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரையும், உடன் முழக்க உடுக்கை ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர் என இருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வன்பரணரின் பாணர் கொடையால் முறை மறந்தார்கள். இங்கே முறையைக் காக்கவே கொடை.

இனிப் பொழுதுக்கு வருவோம். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரிப்பது வழக்கம். பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை சற்றே மாறும். பரவலாகக் காணப்படும் ஒன்றில் பகலின் முப்பது நாழிகைக்குப் பத்துப் பண்கள், மூன்று நாழிகைக்கு ஒன்றாக: புறநீர்மை, காந்தாரம், கௌசிகம், இந்தளம், தக்கேசி, சாதாரி, நட்டபாடை, பழம்பஞ்சுரம், காந்தாரபஞ்சமம், பஞ்சமம். இரவுக்குத் தக்கராகம், பழந்தக்கராகம், சீகாமரம், கொல்லி, வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி, குறிஞ்சி, அந்தாளிக்குறிஞ்சி. எப்பொழுதுக்கும் உரியவை செவ்வழி, செந்துருத்தி, தாண்டகம்.

சங்கப் பாட்டோடு இதை ஒப்பிட்டால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. குறிஞ்சித் திணைக்குப் பொழுது யாமம். குறிஞ்சிப்பண் இங்கும் இரவிலேயே நிற்கிறது. யானை உறங்கிய இடத்திலிருந்து அது நகரவில்லை. செவ்வழியோ மாலையை விட்டு வெளியேறிப் பொதுவாகிவிட்டது. வன்பரணர் இன்று வந்தால் காலையில் செவ்வழி பாடுபவனைக் குறைசொல்ல முடியாது. சாதாரியை நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் நூல் முல்லைக்குரிய பண்ணாகச் சொல்கிறது. முல்லைக்குப் பொழுது மாலை. தேவாரப் பட்டியலில் சாதாரி பகலில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்து இசை மாறியதா, இசை அதுவாகவே இருந்து பொழுது மாறியதா?

அண்ணாமலைக்குச் சம்பந்தர் பாடியவை இரண்டு பதிகங்கள். முதல் திருமுறையின் பத்தாம் பதிகம் நட்டபாடை. அறுபத்தொன்பதாம் பதிகம் தக்கேசி. இரண்டும் பகற்பண்கள். மேற்சொன்ன வரிசையைப் பிடித்துக் கணக்கிட்டால் தக்கேசி நண்பகலை ஒட்டியும் நட்டபாடை அதற்குப் பின்னும் விழுகின்றன. வெறுங்காலில் கிரிவலம் செல்பவர் எவரும் விரும்பாத வேளை! அப்பரின் அண்ணாமலைப் பதிகங்களில் ஒன்று திருநேரிசை, இரண்டு திருக்குறுந்தொகை. யாப்பின் பெயராலேயே வழங்கும் வகைகள் இவை. ஆக, இலட்சக்கணக்கானோர் இரவில் சுற்றும் மலைக்குச் சம்பந்தர் இரவுப்பண்ணில் ஒரு பதிகமும் விட்டுச் செல்லவில்லை. பௌர்ணமி இரவுக் கூட்டம் அண்மைக் காலத்தில் பெருகியது என்பதால் அவரைக் குறை சொல்ல இயலாது.

ஆனால் பகல், இரவு என்ற இந்தப் பேச்சுக்கு இன்று காதில் கேட்கும் பொருள் உண்டா? இங்கேதான் இடறுகிறது. பண்ணை இன்னின்ன இராகத்தில் பாடுவது என்று ஓதுவார் வழக்கில் ஏற்பட்டுவிட்டது. நட்டபாடைக்குக் கம்பீரநாட்டை, கௌசிகத்துக்குப் பைரவி, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், செந்துருத்திக்கு மத்தியமாவதி. இவ்வரிசையை மேலும் படித்துச் சென்றால் பகற்பண்ணான தக்கேசியும் இராப்பண்ணான தக்கராகமும் ஒரே காம்போதியில் வந்து நிற்கின்றன. பகலின் காந்தாரமும் இரவின் கொல்லியும் நவரோசு. பகலின் இந்தளத்தைப் பலர் நாதநாமக்கிரியையில் பாடுகிறார்கள். இரவின் சீகாமரமும் அதே நாதநாமக்கிரியை. மூன்று இணைகள், மூன்றிலும் ஒன்று பகல், ஒன்று இரவு. ஏட்டில் சூரியனும் சந்திரனுமாக எதிரெதிரே நிற்பவை தொண்டையில் ஒன்றாகிவிட்டன. யாழ் மறைந்து, பாணர் குடி இசையிலிருந்து விலகி, பின்னால் வந்த இராக இலக்கணத்துக்குள் பழைய பண்கள் இடம் தேடிக்கொண்டபோது நேர்ந்த நெரிசல் இது என்று தோன்றுகிறது. இராகம் ஒன்றானாலும் பாடும் மெட்டு வேறு என்பார்கள் ஓதுவார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் மெட்டைப் பட்டியலில் எழுத முடியாது. பாடுகிறவர் இருக்கும்வரைதான் அது இருக்கும்.

ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இலும், விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இலும் வெளிவந்தன. தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. குடந்தை ப. சுந்தரேசனார் ஊர்ஊராகப் பாடியே விளக்கினார். இத்தனைக்குப் பிறகும் ஒரு பண்ணுக்கு இரண்டு மூன்று இராகப் பெயர்கள் சொல்லப்படுவது தொடர்கிறது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்றோர் பாடிய ஒலிப்பதிவுகள் இருப்பதால் ஒரு தலைமுறையின் குரல் நமக்குக் கிட்டியிருக்கிறது. ஒலிப்பதிவின் குணம் ஒன்றுண்டு: நள்ளிரவிலும் புறநீர்மையைப் பாடும், மறுக்காது.

பொழுதுக்குரிய பண் என்ற எண்ணம் அரசு அலுவலகத்தில்கூட இன்னும் உயிரோடிருக்கிறது. 2019இன் வறட்சியில் இந்து சமய அறநிலையத் துறை கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மழை வேண்டிச் சம்பந்தரின் மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களைப் பாடவும், அமிர்தவர்ஷினி முதலிய இராகங்களை நாகசுரம், வீணை முதலியவற்றில் வாசிக்கவும் சொன்னது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாணர் காலத்து வழக்கம் கோப்பு எண்ணோடு வந்ததே என்ற வியப்புதான். மேகராகக்குறிஞ்சியை இன்று பாடும் இராகம் நீலாம்பரி. குழந்தையை உறங்கவைப்பதும் அதே நீலாம்பரி. வருணனுக்கு எந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமோ.

அடி அண்ணாமலைக்குத் திரும்புவோம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. இங்குள்ள அவர் கோயில் திருவெம்பாவை பிறந்த இடத்தில் நிற்பதாக ஊரார் நம்பிக்கை. இரண்டும் பெண்களின் பாட்டுவகை. ஒன்று மார்கழி வைகறையில் தோழியரை எழுப்பி நீராடச் செல்வது, மற்றது அம்மானைக்காய் எறிந்து ஆடுவது. திருவாசகத்தில் இடிக்கப் பொற்சுண்ணம், ஆடப் பொன்னூசல், பறிக்கப் பூவல்லி என்று தொழிலுக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகனத்தில் பாடும் வழக்கம் அவ்வேறுபாடுகளைக் கொஞ்சம் மறைத்துவிட்டது என்பேன். பொழுது மட்டும் தப்பியது: மார்கழி, விடியலுக்கு முன்.

அந்தப் பொழுது கடல் கடந்தும் தப்பியிருக்கிறது. பாங்காக்கின் தேவசுதானக் கோயிலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நம் மார்கழியை ஒட்டி 'திரியம்பாவை' சடங்கு நடக்கிறது. அதன் பகுதியாக இருந்த பெரிய ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. 1784இல் நிறுவப்பட்ட ஊஞ்சலின் சிவந்த கம்பங்களை இன்றும் காணலாம். ஓதும் பிராமணர்களுக்குத் தமிழ் தெரியாது, பொருளும் தெரியாது. மாதம் தெரியும்.

மலையின் இந்தப்பக்கம் இன்னொரு பாட்டும் குறிப்பிட்ட தேவைக்காகவே பிறந்தது. இரமணர் விரூபாட்சி குகையில் இருந்தபோது அன்பர்கள் பிச்சைக்காக ஊருக்குள் வருகையில் பாடிக்கொண்டு வர ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை அப்படி வந்தது. நடைக்கென்றே அமைந்த பாட்டு, காலடிக்கு இசையும்.

கிரிவலத்துக்குப் பாட்டு அடுக்கித் தரும்படி நண்பர் ஒருவர் கேட்டார். புறப்படுகையில் தக்கராகம், பழந்தக்கராகம். இரமணாசிரமத்தைத் தாண்டும்போது அட்சரமணமாலை. நள்ளிரவில் வியாழக்குறிஞ்சியும் குறிஞ்சியும். அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகர் கோயிலை வைகறையில் அடைய முடிந்தால், அதுவும் மார்கழியானால், திருவெம்பாவை. சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகங்கள் இரண்டையும் சேர்க்கவில்லை. அவற்றை மறுநாள் உச்சிவெயிலில், கால் ஓய்ந்து அறைக்குத் திரும்பியபின், மலையைச் சன்னல் வழியே பார்த்தபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.