1913: தென்னாப்பிரிக்கச் சிறையில் தமிழ்ப் பெண்கள்

காஞ்சிபுரம் பட்டு உட்பட தமிழகக் கைத்தறித் துணிகளை விற்கும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் சென்னை எழும்பூர் கட்டடத்துக்கு 'தில்லையாடி வள்ளியம்மை மாளிகை' என்று பெயர். வள்ளியம்மை பிறந்து வளர்ந்தது தில்லையாடியில் அல்ல, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில். அவரும் அவரைப் போன்ற பல தமிழ்ப் பெண்களும் 1913-ல் ஏன் சிறைக்குப் போனார்கள் என்பது ஆப்பிரிக்கப் பெண்கள் வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி.

சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இப்படிப் போனார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி. பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்குபவர்கள் வருடம் 3 பவுண்டு வரி கட்டவேண்டும் என்று 1895-ல் நேட்டால் அரசு சட்டம் போட்டது. 1903-ல் இந்த வரி 13 வயது நிரம்பிய பெண் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டால், ஒரு பெண்ணின் முதல் வருடக் கூலி மொத்தமே 3 பவுண்டுதான்!

அடுத்த அடி 1913 மார்ச் 14-ல் விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்ற கருத்தில் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். தாலி கட்டிய மனைவிகள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் அல்லாதவர்கள் ஆனார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே சிறை சென்ற காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்களும் இறங்கினார்கள்.

கஸ்தூரிபாய் ஒரு குழுவோடு சிறை போனார். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய 11 பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்தவர்கள். அனுமதியில்லாமல் எல்லை தாண்டியும் போலீஸ் அவர்களைக் கைது செய்யவில்லை. நேராக நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யுங்கள் என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் தீயாகப் பரவியது. பிறகுதான் அரசு அவர்களைப் பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் மோசமான சாப்பாடு, துணி வெளுக்கும் வேலை.

டிசம்பரில் அதே சிறைக்குப் போன வள்ளியம்மை, 1914 ஜனவரியில் கடும் காய்ச்சலோடு விடுதலையானார். பிப்ரவரி 22-ல் இறந்தார். அப்போது அவருக்கு வயது 16.

அதே 1913-ல், அதே நாட்டின் புளூம்ஃபொன்டெய்ன் நகரில் கறுப்பினப் பெண்கள் தங்கள்மீது திணிக்கப்பட்ட பாஸ் முறையை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அவர்களும் சிறை சென்றார்கள். இரண்டு போராட்டங்களும் தனித்தனியாகவே நடந்தன. 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்டபோது, முன்னணியில் நின்ற நால்வரில் லிலியன் இங்கோயியுடன் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரஹிமா மூசாவும் இருந்தார்.

1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை ரத்து செய்தது. ஒருதார மணங்களையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் வரலாறு இந்தப் பெண்களை எப்படிக் குறித்து வைத்தது? காந்தி எழுதிய 'தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்' நூலில் அந்த 11 பேரின் பட்டியல் இருக்கிறது. மணமான ஒன்பது பேரும் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு என்று கணவர் பெயரில்தான் இருக்கிறார்கள். சொந்தப் பெயரோடு இருப்பவர்கள் மணமாகாத இருவர் மட்டுமே. மனைவி என்ற உரிமைக்காகச் சிறை போனவர்களுக்கு மனைவி என்ற அடையாளம் மட்டுமே பட்டியலில் மிஞ்சியது.